எஞ்சின் சொல்லும் எண்ணைத் தொழிலாளி படிக்க வேண்டும்

(குன்னூரில் லாரி டிரைவர்கள், கிளீனர்கள், ஒர்க்‌ஷாப் தொழிலாளர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூடிய வகுப்பில் ஆற்றிய உரையின் வாசகம்.)



மேட்டுப்பாளையத்தில் பாரம் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்லியார் தாண்டியதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி இழுக்க மறுக்கிறது. பின்னால் வரும் பஸ்களும் கார்களும் ஹாரன் அடிக்கின்றன. எப்படியோ ஊர்ந்து குன்னூர் வந்து சேர்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு கருவியைச் செருகுகிறார்கள். அதில் ஓர் எண் தெரிகிறது. அதைப் பார்த்த ஒருவர் "டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார். மற்றொருவர் "டிரைவர் வண்டியைக் கெடுத்துவிட்டான்" என்கிறார். பில் பெரிதாகிறது. வண்டி முதலாளி அந்தப் பில்லில் ஒரு பங்கை டிரைவரின் படியிலும் சம்பளத்திலும் பிடிக்கப் பார்க்கிறார்.

அந்த எண் உண்மையில் என்ன சொல்லிற்று? டர்போ போய்விட்டது என்றா சொல்லிற்று? டிரைவர் கெடுத்தான் என்றா சொல்லிற்று? இரண்டையும் அது சொல்லவில்லை. அது சொன்னது வேறு. அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லாததால், படிக்கத் தெரியாதவர் சொன்னதே தீர்ப்பாகிவிட்டது. இதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

உங்களில் பலர் லாரி ஓட்டுகிறவர்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இது உங்கள் விஷயமும்தான். கொழுந்து பறிக்கும் பெண் தோழர்களைக் கேட்கிறேன்: இலை லாரி வராமல் சாக்குகள் ரோட்டோரம் கிடந்தால் என்ன ஆகிறது? பச்சை இலை சூடேறிச் சிவக்கிறது. ஃபாக்டரியில் தரம் குறைந்தது என்கிறார்கள். ஊட்டிப் பக்கத்துக் காரட்டும் கோஸும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டால் நஷ்டம் யார் தலையில் விடிகிறது? கடைசியில் கூலிக்காரர் தலையில்தான். வண்டி நிற்பது டிரைவர் ஒருவருடைய கஷ்டம் மட்டும் இல்லை.

நான் எஞ்சினீயர் அல்ல. பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஒர்க்‌ஷாப் தோழர்களிடம் கேட்டும், புத்தகங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை, எல்லோருக்கும் புரியும் விதத்தில் சொல்கிறேன்.

தறியும் லாரியும்

மில் தோழர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் அதன் மேல் தொங்கும் சிறு தகடு கீழே விழுகிறது, தறி நிற்கிறது. தகடு என்ன சொல்கிறது? "இந்த இடத்தில் இழை அறுந்தது" என்கிறது. ஏன் அறுந்தது? நூல் மட்டமா, கஞ்சி சரியில்லையா, காற்றில் ஈரம் குறைவா, இழுவிசை அதிகமா? அதைத் தகடு சொல்லாது. தகடு விழுந்தது என்பதற்காகத் தகட்டை மாற்றுகிறவன் மடையன்; நெசவாளிக்கு அபராதம் போடுகிறவன் அயோக்கியன்.

தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஸ்டார்ட்டர் விழுவதும் இப்படித்தான். மின்சாரத்தில் ஒரு பேஸ் இல்லையா, பம்பு இறுகிவிட்டதா, வோல்டேஜ் குறைவா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரைத் திட்டிப் பயனில்லை.

லாரியின் பழுது எண்ணும் இதே ஜாதிதான். ஒர்க்‌ஷாப்பில் 'எரர் கோடு' என்கிறார்கள். பழைய லாரியில் இது கிடையாது. அங்கே டீசல் பம்பு முழுவதும் யந்திர சாதனம். மெக்கானிக் காதாலும் மூக்காலும் விரலாலும் நோயைக் கண்டுபிடித்தார். பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்தது. ஐந்தாம் படியைத் தாண்டி 2020 ஏப்ரல் 1 முதல் 6-ஆம் படி வந்தது. இப்போது எவ்வளவு டீசல், எந்தக் கணத்தில், எந்த அழுத்தத்தில் போக வேண்டும் என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. சென்சார் என்னும் ஒற்றர்கள் ஆயில், தண்ணீர், காற்று, டீசல், புகை எல்லாவற்றையும் அளந்து அதற்குச் சேதி அனுப்புகிறார்கள். வரும் சேதி எதிர்பார்த்த எல்லைக்கு வெளியே போனால், கம்ப்யூட்டர் ஓர் எண்ணை எழுதி வைத்துவிட்டு விளக்கைப் போடுகிறது. மஞ்சள் விளக்கு என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் நிறுத்து.

ஆகவே பழுது எண் ஒரு சாட்சி. சாட்சி தான் பார்த்ததைத்தான் சொல்லும். விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது மனிதன் வேலை.

எண்ணை எப்படிப் படிப்பது?

கனரக லாரிகளுக்கு 'ஜே 1939' என்று ஒரு சர்வதேச விதி இருக்கிறது. அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்கள் சங்கம் வகுத்தது. அதன்படி ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண்ணுக்கு எஸ்.பி.என். என்று பெயர். அது எந்த உறுப்பு என்று சொல்லும். இரண்டாம் எண்ணுக்கு எஃப்.எம்.ஐ. என்று பெயர். அது எந்த விதமான கோளாறு என்று சொல்லும். வைத்தியரிடம் போனால் "எங்கே வலிக்கிறது? எப்படி வலிக்கிறது?" என்று கேட்கிறாரே, அந்த இரண்டு கேள்விகள்தான்.

முதல் எண்ணில் சிலவற்றை மனப்பாடம் செய்யலாம். 97 என்றால் டீசலில் தண்ணீர். 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம். 102 என்றால் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம். 108 என்றால் வெளிக்காற்றின் அழுத்தம். 110 என்றால் கூலண்ட் தண்ணீரின் சூடு. 157 என்றால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயின் அழுத்தம். 190 என்றால் எஞ்சின் சுழலும் வேகம். 1761 என்றால் யூரியாத் திரவ டேங்கின் மட்டம்.

இரண்டாம் எண்ணில் முக்கியமானவை: 0 என்றால் அளவு அபாயகரமாக அதிகம். 1 என்றால் அபாயகரமாகக் குறைவு. 2 என்றால் சேதி முன்னுக்குப் பின் முரணாக வருகிறது. 3 என்றால் சென்சார் கம்பியில் வோல்டேஜ் அதிகம். 4 என்றால் வோல்டேஜ் குறைவு. 5 என்றால் மின்னோட்டம் குறைவு, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. 7 என்றால் யந்திர பாகம் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. 16 என்றால் அளவு ஓரளவு அதிகம். 18 என்றால் ஓரளவு குறைவு.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 110-உம் 0-உம் சேர்ந்து வந்தால் எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறது என்று பொருள். வண்டியை நிறுத்த வேண்டும். 110-உம் 3-உம் சேர்ந்து வந்தால் சூட்டைப் பற்றி எதுவுமே தெரியவில்லை, கம்பியிலோ சென்சாரிலோ கோளாறு என்று பொருள். முதல் எண் ஒன்றேதான். ஆனால் முன்னதற்கு ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். பின்னதற்குக் கப்ளரைப் பார்க்க வேண்டும். இரண்டாம் எண்ணைப் படிக்காமல் "110 வந்தது, தண்ணீர் பம்பை மாற்று" என்று சொல்கிறவர் பிறர் காசில் பரீட்சை நடத்துகிறார்.

மூன்றாவதாக ஓர் எண் இருக்கும். இந்தப் பழுது எத்தனை தடவை வந்தது என்ற கணக்கு. ஒரு தடவை வந்து போனதற்கும் நாற்பது தடவை வந்து போனதற்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? மேலும், இப்போது இருக்கும் பழுது வேறு, முன்பு வந்து மறைந்த பழுது வேறு. கருவி இரண்டையும் தனித்தனியே காட்டும். பழைய பழுதைக் காட்டிப் புதிய பில் போட இடம் கொடுக்கக் கூடாது.

சில வண்டிகளில் 'பி' என்ற எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட எண் வரும். உதாரணமாக பி 0087 என்றால் டீசல் குழாயின் அழுத்தம் மிகக் குறைவு. பாஷை வேறு, பேசுவது அதே விஷயம்தான்.

மலை என்ன செய்கிறது?

சமவெளியில் எழுதிய பாடத்தை நீலகிரியில் அப்படியே ஒப்பிக்க முடியாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்.

எஞ்சினுக்கு டீசல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். காற்று குறைந்த இடத்தில் அதே டீசலைக் கொட்டினால் கரும்புகைதான் வரும். ஆகவே கம்ப்யூட்டர் வெளிக்காற்றை அளந்து, அதற்கேற்றபடி டீசலைக் குறைக்கிறது. டர்போவும் வேகமாகச் சுழன்று குறையை ஈடுகட்டப் பார்க்கிறது. இந்தச் சமயத்தில்தான் காற்றுக் குழாயில் உள்ள சிறு வெடிப்பும், தளர்ந்த கிளிப்பும், அடைத்துப் போன ஏர் ஃபில்டரும் வெளிப்படுகின்றன. சமவெளியில் காலி வண்டியில் இவை தெரியாது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் பாரத்தோடு ஏறும்போது 102-உம் 18-உம் வந்து நிற்கும். அதாவது டர்போ காற்று ஓரளவு குறைவு. "டர்போவை மாற்று" என்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது என்ன? ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்; ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பார்; இன்டர்கூலர் மூட்டுகளில் எண்ணெய்க் கசிவின் கறை உண்டா என்று பார். சில நூறு ரூபாய் கிளிப்பில் முடிகிற காரியத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் டர்போ எதற்கு?

வெளிக்காற்றை அளக்கும் சென்சாரே பொய் சொல்லுமானால்? அதற்கும் நம் மலையிலேயே பரீட்சை இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் போடுங்கள். கருவியில் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 97 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். குன்னூரில் ஏறக்குறைய 81. ஊட்டியில் ஏறக்குறைய 77. ஊட்டியில் நின்றுகொண்டு 100 என்று காட்டினால் அந்தச் சென்சார் பொய்ச் சாட்சி சொல்கிறது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே போகும் குழாயின் முழு அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டில் எது மாறுபடுகிறதோ அதை விசாரியுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஊட்டியில் பருப்பு வேக நேரமாகிறது என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். காரணம், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிப்பைத் தள்ளிப் போடுகிறது. மூடி கெட்டால் சமவெளியில் தப்பிக்கும் வண்டி மலையில் கொதிக்கும். 110-உம் 0-உம் வந்தால் பெல்ட், கூலண்ட் மட்டம், ரேடியேட்டர் மேல் படிந்த சேறு ஆகியவற்றோடு மூடியையும் பாருங்கள். சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது.

ஆயில் அழுத்தமும் அப்படியே. ஆயில் மட்டம் குறைந்திருந்தால் செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பு காற்றை உறிஞ்சும். 100-உம் 1-உம் வந்து சிவப்பு விளக்கு எரியும். உடனே பத்திரமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, சமதளத்தில் ஆயில் குச்சியைப் பார்க்க வேண்டும். மட்டம் சரியாக இருந்தால் தனி கேஜ் மாட்டி அழுத்தத்தை அளக்க வேண்டும். கேஜும் குறைவாகக் காட்டினால் நோய் எஞ்சினில். கேஜ் சரியாகக் காட்டினால் நோய் சென்சாரில். சிவப்பு விளக்கோடு "ஃபாக்டரி வரை ஓட்டு" என்று யார் போனில் கட்டளையிட்டாலும் ஓட்டாதீர்கள். அந்தக் கட்டளையைக் குறித்து வையுங்கள்.

கம்பியா, சென்சாரா?

இரண்டு கம்பி கொண்ட சூட்டுச் சென்சாருக்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. 3 என்ற எண் வந்தால், சென்சாரின் கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு கம்பி முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பாருங்கள். எண் 3-லிருந்து 4-க்கு மாறினால் கம்பியும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் கெட்டது. மாறாமல் 3 ஆகவே நின்றால் வழியில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. சென்சாரை மாற்றிப் பயனில்லை. மூன்று கம்பி உள்ள அழுத்தச் சென்சாருக்கு இதைச் செய்யக் கூடாது. அங்கே 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும்.

ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். பதினைந்து சென்சாரும் ஒரே நாளில் சாகாது. பேட்டரி முனை, எர்த் ஒயர், ஃபியூஸ், எல்லாச் சேதியும் போகும் இரட்டைக் கம்பி ஆகியவற்றைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். இரண்டு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால் இந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு முனை அறுந்தது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டன. நம் மலையில் ஆறு மாதம் மழையும் மூடுபனியும். கப்ளருக்குள் பச்சை பூத்திருப்பது இங்கே சகஜம்.

157-உம் 18-உம் வந்தால், அதாவது டீசல் குழாயில் அழுத்தம் குறைந்தால், மலிவான இடத்திலிருந்து தொடங்குங்கள். டேங்கில் டீசல், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், டீசல் ஃபில்டர், காற்று இழுக்கும் மூட்டு. அதற்குப் பிறகுதான் பெரிய பம்பும் இன்ஜெக்டரும். ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தக் குழாயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பார் அழுத்தம் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மூட்டைத் தளர்த்தக் கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசி போலப் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே கையே அழுகிப் போகலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யூரியாவும் புகை வடிகட்டியும்

புதிய வண்டிகளில் சைலன்சரோடு இரண்டு சாதனங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று கரியைப் பிடிக்கும் வடிகட்டி. மற்றொன்று யூரியாத் திரவத்தைப் பீய்ச்சிப் புகையின் நஞ்சை முறிக்கும் சாதனம்.

வடிகட்டியில் சேரும் கரி நல்ல சூட்டில் எரிந்து சாம்பலாக வேண்டும். நீண்ட தூரம் ஓடும் லாரிக்கு அது தானாக நடக்கும். இலை லாரிக்கு? அரை மைல் ஓடு, சாக்கை ஏற்று, மறுபடி அரை மைல் ஓடு. இறக்கத்தில் டீசலே எரிவதில்லை. புகைக் குழாய் சூடேறுவதே இல்லை. ஆகவே வடிகட்டி அடைக்கிறது, விளக்கு எரிகிறது. இது டிரைவரின் குற்றமா? வேலையின் அமைப்பே அப்படி. சரியான நேரத்தில் வண்டியை நிறுத்தி வைத்து கரியை எரிக்க அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். காய்ந்த சருகு மேலும், கொட்டகைக்குள்ளும் இதைச் செய்யக் கூடாது. புகைக் குழாய் நெருப்பாகக் கொதிக்கும்.

யூரியாத் திரவத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டரை பங்கு தூய யூரியா. மீதி தாதுக்கள் நீக்கிய தண்ணீர். அது தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ முதலில் எச்சரிக்கை வரும். பிறகு கம்ப்யூட்டர் இழுவையைக் குறைக்கும். அப்போதும் கவனிக்காவிட்டால் வண்டியை ஊர வைக்கும். எஞ்சினில் ஒரு குறையும் இல்லாதபோதே இது நடக்கும். 2021-இல் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியபோது தென்கொரியாவில் லாரிகள் நின்றுவிடும் அபாயம் வந்தது. அந்த சர்க்கார் ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கொண்டுவந்தது. ஒரு திரவம் இல்லாமல் ஒரு தேசமே தவித்தது.

விவசாயத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2015 முதல் நம் நாட்டில் உர யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுகிறார்கள். அதில் வேறு கசடுகளும் உண்டு. பீய்ச்சும் குழல் அடைத்து, விலை உயர்ந்த சாதனமே பாழாகும். "ஊட்டிக் குளிரில் திரவம் உறைந்துவிட்டது" என்று காரணம் சொன்னாலும் நம்பாதீர்கள். அது உறைய பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி வேண்டும். நம் உறைபனிக் காலம் அவ்வளவு தூரம் போவதில்லை. அந்தச் சாதனத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொய்ப் பெட்டி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் ரோட்டோரம் இலைச் சாக்கோடு நிற்கும் நம் பெண்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சாட்சியத்தை அழிக்க விடாதீர்கள்

ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் செருகியதும் சிலர் முதல் வேலையாக எண்களை அழித்துவிடுகிறார்கள். விளக்கு அணைகிறது, டிரைவருக்கும் சந்தோஷம். ஆனால் சாட்சியம் போயிற்று. பழுது வந்த கணத்தில் எஞ்சின் என்ன வேகத்தில் ஓடியது, எவ்வளவு பாரம் இழுத்தது, என்ன சூட்டில் இருந்தது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். எண்ணை அழித்தால் அதுவும் அழியும்.

அந்தக் குறிப்பு டிரைவரைக் காப்பாற்றும். சில சமயம் அவருக்கு எதிராகவும் பேசும். இறக்கத்தில் தவறான கியரில் விட்டு எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றிருந்தால் 190-உம் 0-உம் வரும். மறைக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது சலுகை அல்ல, விசாரணை. சாட்சியம் முழுவதும் மேஜை மேல் இருக்கட்டும் என்கிறோம்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தொழிலாளியின் அலட்சியத்தால் நேரடியாக ஏற்பட்ட சேதத்துக்குத்தான் சம்பளத்தில் பிடிக்கலாம். பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். சேதத்தின் தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் "உன் தரப்பைச் சொல்" என்று கேட்கும்போது சொல்வதற்குக் கையில் என்ன இருக்கிறது? எண்ணைப் படிக்கத் தெரியாதவன் என்ன சொல்வான்? "நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா" என்பான். படிக்கத் தெரிந்தவன், "வந்தது 110-உம் 3-உம்; இது கம்பிக் கோளாறு; என் காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பான். இரண்டு பதிலுக்கும் எவ்வளவு வித்தியாசம், பாருங்கள்!

பூட்டி வைத்த அறிவு

கம்பெனிகள் இந்தக் கருவிகளையும் விளக்கப் புத்தகங்களையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்புகின்றன. சிறு ஒர்க்‌ஷாப்புக்குப் பாதி எண்கள்தான் தெரியும். மீதிக்கு மலை இறங்கிக் கோயமுத்தூர் போக வேண்டும். கார் விஷயத்தில் இது வழக்காகவே வந்தது. உதிரி பாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய சர்க்காரே 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் இணையத் தளம் திறந்தது. மோட்டார் வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால் தளம் திறந்தால் போதுமா? மலை மேல் இருக்கும் சிறு மெக்கானிக் கையில் கருவியும் புத்தகமும் வர வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? கூடாது. இன்றைக்கே செய்யக் கூடியவை இருக்கின்றன.

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். விளக்கு எரிந்த தேதி, நேரம், இடம், கிலோமீட்டர், ஏற்றமா இறக்கமா, பாரம் எவ்வளவு, எந்த விளக்கு, இவ்வளவும் எழுதுங்கள். எழுத வராத தோழருக்குக் கிளீனர் எழுதிக் கொடுக்கட்டும். ஒர்க்‌ஷாப்பில் எண்களை அழிப்பதற்கு முன் இரண்டு எண்களையும் தடவைக் கணக்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்த்த பிறகு அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, எண் திரும்பி வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சங்கங்கள் செய்ய வேண்டியது: பல தோழர்கள் சேர்ந்து ஒரு கருவி வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைப்பது, மாதம் ஒரு நாள் ஒர்க்‌ஷாப் தோழர் ஒருவரைக் கொண்டு வகுப்பு நடத்துவது, பழுது எண்ணின் நகல் இல்லாமல் எந்தப் பிடித்தமும் செல்லாது என்பதை முதலாளிகளோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்க்கச் சொல்வது.

இந்த மலையில் ரோடு போட்டவன், காடு திருத்தியவன், தேயிலை நட்டவன் எல்லோரும் தொழிலாளிதான். யந்திரம் புதிதாக மாறிவிட்டது என்பதற்காகத் தொழிலாளி அதன் முன் ஊமையாக நிற்க வேண்டியதில்லை. அது பேசுவது எண்களின் பாஷை. பத்து இருபது எண்கள். ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். அடுத்த வகுப்புக்கு வரும்போது ஒவ்வொருவரும் தம் வண்டியில் வந்த எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றை ஒன்றொன்றாக எடுத்து விசாரிப்போம்.